இன்னும் இரண்டு நாள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறிய பீர் ஆலை ஒன்றுக்குப் போய்வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் குடிப்பதில்லை, அதனால் கொஞ்சம் தயங்கித்தான் தொடங்கினேன். பீர் காய்ச்சுகிறவரைக் கைவினைஞர் என்று சொல்லியிருக்கிறீர்கள். குயவரையும் நெசவாளரையும் அப்படிச் சொன்னால் புரிகிறது. பீரை உண்டாக்குவது ஈஸ்ட், காய்ச்சுவது கொப்பரை. இதில் கைக்கு என்ன வேலை? பெரிய ஆலையில் நடப்பதுதானே இங்கே சின்னதாக நடக்கிறது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் குடிப்பதில்லை என்பது நல்ல விஷயம். அதை மாற்றுவது என் நோக்கமில்லை. கேள்விக்கு வருகிறேன்.

நான் போனபோது அந்த பீர் காய்ச்சுகிறவர் ரப்பர் பூட்ஸோடு டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தார். முதலில் காஸ்டிக் கலந்த வெந்நீர், அப்புறம் நல்ல தண்ணீர், கடைசியில் கிருமிநாசினி. நாளில் பாதி இதற்கே போய்விடும் என்றார். ஜெர்மனியின் பவேரியாவில் 1516-ல் போட்ட சட்டம், பீரில் பார்லி, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ, தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்றது. ஈஸ்ட்டின் பெயரே அதில் இல்லை. அப்படி ஒரு உயிர் வேலை செய்கிறது என்று அன்று யாருக்கும் தெரியாது. பீர் கெட்டுப்போவதற்கு வேறு நுண்ணுயிர்கள் உள்ளே புகுவதே காரணம் என்று லூயி பாஸ்டர் விளக்கி எழுதியது 1876-ல்தான். 1883-ல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து சுத்தமான ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார். அந்தக் கழுவலுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

பிறகு ஒரு பிடி மால்ட்டைக் கொடுத்து மெல்லச் சொன்னார். பார்லியை ஊறவைத்து, முளை எட்டிப்பார்த்ததும் காயவைத்த தானியம் அது. முதலில் உமி மாதிரி இருந்தது, மெல்ல மெல்ல இனித்தது. அதை உடைத்து, சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார்கள். தானியத்திலேயே இருக்கும் நொதிகள் மாவைச் சர்க்கரையாக்குகின்றன. சூடு மூன்று நான்கு டிகிரி கூடினால் ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரை அதிகமாகி பீர் கனத்துவிடும், குறைந்தால் மெலிந்துவிடும். அவர் நீளத் துடுப்பால் அடியிலிருந்து கிளறிக்கொண்டே இருந்தார். ஓரம் ஆறிவிடும், நடுப்பகுதி ஆறாது, அதனால்தான்.

சின்ன ஆலை என்றால் நல்ல பீர், பெரிய ஆலை என்றால் மட்டம் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே சுவையை லட்சக்கணக்கான புட்டிகளில் மாறாமல் கொண்டுவருவது பெரிய திறமை. குளிரில் மெல்லப் புளிக்கவைக்கும் லேகர் என்ற வகையில், அதுவும் வெளுத்த லேகரில், ஒரு சின்னப் பிழைகூட ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. ஆனால் சின்ன ஆலையில் கழுவுகிறவர், கிளறுகிறவர், சுவை பார்க்கிறவர், வேண்டாம் என்று கொட்டுகிறவர் எல்லாம் ஒரே ஆள். நான் மதிப்பது இதைத்தான்.

கொட்டியிருக்கிறார். ஆரம்ப காலத்தில் 500 லிட்டர் மொத்தமும் சாக்கடைக்குப் போயிருக்கிறது. புளிக்கும்போது டயாசெட்டில் என்று ஒன்று உண்டாகும், வெண்ணெய் வாசம் அடிக்கும். கடைசி நாட்களில் ஈஸ்ட்டே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் அவசரப்பட்டு டேங்கைக் குளிரவைத்துவிட்டார். ஈஸ்ட் அடங்கிவிட்டது, வாசம் அப்படியே நின்றுவிட்டது.

இப்போது ஒவ்வொரு டேங்கையும் குளிரவைக்கும் முன் ஒரு சோதனை செய்கிறார். ஒரு கிளாஸில் கொஞ்சம் பீரைப் பிடித்து, மூடி, வெந்நீரில் சிறிது நேரம் வைத்து, ஆறியதும் முகர்ந்து பார்க்கிறார். மறைந்திருக்கும் வாசம் சூட்டில் வெளியே வந்துவிடுமாம். டேங்கிலிருந்து வாளித் தண்ணீருக்குள் இறங்கிய குழாயில் குமிழி வருவது அன்று ஏறக்குறைய நின்றிருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். கிளாஸை என்னிடம் நீட்டினார். எனக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. அவர் வாங்கி முகர்ந்தார், கண்ணை மூடிக்கொண்டு மறுபடி முகர்ந்தார்.

"இன்னும் இரண்டு நாள்" என்று சொல்லிவிட்டு கிளாஸைக் கழுவப் போனார்.