மக போட்டோவுல ஃபேக் ஐடி: போனைப் புடுங்கி வச்சிரலாமா?

தங்கச்சிமடத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க: "பத்தாவது படிக்கிற என் மக போட்டோவைப் போட்டு எவனோ இன்ஸ்டாகிராம்ல ஐடி ஆரம்பிச்சு அசிங்க அசிங்கமா எழுதுறான், கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் ரிக்வெஸ்ட் போயிருக்கு. நாலு நாளா ஸ்கூலுக்குப் போகமாட்டேங்குறா. அவ அப்பா கடலுக்குப் போயிருக்காரு, தெரிஞ்சா போனை உடைச்சிருவாரு. ஐடிய ரிப்போர்ட் அடிச்சுட்டு போனைப் புடுங்கி வச்சிரவா?"

அக்கா, போன் உடையவே கூடாது, ஆதாரம் பூரா அதுலதான் இருக்கு. ரிப்போர்ட் அடிக்கணும்தான், ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. நிறைய பேரு என்கிட்ட காட்டுற ஸ்க்ரீன்ஷாட்ல போட்டோ மட்டும் பெருசா இருக்கும், மேல இருக்குற யூசர்நேம் வெட்டுப்பட்டுப் போயிருக்கும், அதை வச்சு யாரையும் தேட முடியாது. யூசர்நேமை ஒரு எழுத்து, ஒரு புள்ளி, ஒரு அண்டர்ஸ்கோர் விடாம நோட்டுல எழுதுங்க, ப்ரொஃபைல்ல மூணு புள்ளியைத் தொட்டு லிங்கையும் காப்பி பண்ணுங்க, ஒவ்வொரு பதிவையும் முழுசா ஸ்க்ரீன்ஷாட் எடுங்க (ஆபாசப் படம்னா மட்டும் எடுக்க வேணாம், அதைக் கீழ சொல்றேன்). போலீஸ் இதை வச்சுத்தான் எந்த நம்பர்ல, எந்த நெட்ல இருந்து ஓபன் பண்ணான்னு கம்பெனிகிட்ட கேப்பாங்க. அவன்கூட சண்டைக்குப் போகாதீங்க, உஷாராயி அழிச்சிட்டு ஓடிருவான்.

அப்புறம் ரிப்போர்ட் அடிங்க, வேற ஒருத்தர் மாதிரி நடிக்கிறாங்கன்னு இருக்குறதைத் தேர்ந்தெடுங்க, பெத்தவங்களே செய்யலாம். புகாரை சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்ல போடலாம், இல்ல ராமநாதபுரம் சைபர் கிரைம் ஸ்டேஷனுக்கு நேராப் போங்க. 1930-ங்குற சைபர் கிரைம் ஹெல்ப்லைன் நம்பர் முக்கியமா பணம் பறிபோனவங்களுக்கு. அடுத்தவங்க அடையாளத்தைத் திருடுறது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவுப்படி குத்தம், 3 வருஷம் வரை ஜெயில். போட்டோவை மார்ஃபிங் பண்ணி ஆபாசமாப் போட்டிருந்தா கேஸே வேற, 18 வயசுக்குக் கீழங்குறதால அதே சட்டத்தோட 67பி பிரிவும், பிள்ளைகளைப் பாலியல் குத்தங்கள்ல இருந்து காக்குற போக்சோ சட்டமும் வரும். அப்படி இருந்தா அந்தப் படத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுக்காதீங்க, சொந்தக்காரங்க வாட்ஸ்அப் க்ரூப்புக்கு "இதப் பாருங்க"ன்னு தயவுசெஞ்சு அனுப்பிறாதீங்க, அனுப்புறதும் குத்தம்தான், லிங்கை மட்டும் போலீஸ்ல குடுங்க. டேக் இட் டவுன்னு ஒரு இலவச சேவை இருக்கு, படத்தை எங்கயும் அனுப்பாம அதோட டிஜிட்டல் ரேகையை (அந்தப் படத்தை அடையாளம் காட்டுற ஒரு கோட்) மட்டும் எடுத்து இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் மாதிரி தளங்கள்ல அதே படம் பரவாம தடுக்கப் பாக்கும்.

எனக்குப் பெரிய கவலை பிள்ளைதான். திருவிழாவுக்குப் புதுத்துணி போட்டு எடுத்த போட்டோவை வச்சது அவ தப்பில்ல, தப்பு திருடுனவன் மேல. இப்ப போனைப் புடுங்குனா அடுத்த தடவை எவன் மெரட்டுனாலும் உங்ககிட்ட வாயத் தொறக்கமாட்டா, மெரட்டுறவனுக்கு அதுதான் வசதி. சாப்பிடாம, தூங்காம, சாகணும்னு ஏதாச்சும் பேசுனா தனியா விடாதீங்க, உடனே மனநல உதவி நம்பர் 14416-க்குப் போன் பண்ணுங்க, 24 மணி நேரமும் தமிழ்ல பேசுவாங்க. 1098 பிள்ளைகளுக்கான உதவி நம்பர்.

அண்ணன் கரைக்கு வந்ததும் ஊர்க்காரங்க சொல்றதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிருங்க, எழுதி வச்ச நோட்டையும் காட்டுங்க. அப்பாவும் மகளும் சேர்ந்தே ஸ்டேஷனுக்குப் போகட்டும்.