எண்ணூறு மீட்டர்

அன்புள்ள ஐயா,

மண்டபம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். பணிக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. 1822இல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ எடுத்த கணக்கின்படி ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி இருந்ததாம். எல்லாச் சாதியாரும் படித்தார்களாம். வெள்ளைக்காரன்தான் வந்து அழித்தானாம். இது உண்மையா? உண்மையென்றால் காமராஜர் புதிதாக எதைச் செய்தார்? கலாம் ஐயாவும் பக்கத்து ராமேஸ்வரம் தீவின் சாதாரணப் பள்ளியிலிருந்துதானே புறப்பட்டார்?

இன்னொரு கேள்வி. கணக்கெடுப்புகளால் யாருக்கு என்ன பயன்? எங்களுக்குப் பாதி நாள் எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் விவரம் ஏற்றுவதிலேயே கழிகிறது. தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் மூன்று பிள்ளைகள் வரவில்லை. குடும்பத்தோடு தென்கடல் பக்கம் போய்விட்டார்களாம். அவர்களைக் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்கு மாற்றவே ஒரு மணி நேரம் ஆயிற்று. சர்வர் கிடைக்கவில்லை.

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. மன்றோவைப் பற்றி மட்டும் கேட்டிருந்தால் அன்றைக்கே பதில் எழுதியிருப்பேன். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அது என்னைத் தூங்கவிடவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் மன்றோவை முடித்துவிடுவோம்.

1822 ஜூன் 25 அன்று மன்றோ எழுதிய குறிப்பின்மேல் கலெக்டர்கள் எல்லோருக்கும் ஒரு படிவம் போயிற்று. பதில்கள் வந்துசேர ஆண்டுகள் சில ஆயின. 1826 மார்ச் 10 அன்று மன்றோ அவற்றைத் தொகுத்து எழுதினார். 12,498 பள்ளிகள். மக்கள்தொகை 1,28,50,941. படிக்கும் பிள்ளைகள் 1,88,650 பேர். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்பது அவரே போட்ட கணக்குதான். அதுவரை உங்கள் வாட்ஸ்அப் பொய் சொல்லவில்லை.

அந்த 1,88,650இல் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் தெரியுமா? 4,540. ஐந்திலிருந்து பத்து வயது வரையுள்ள ஆண் பிள்ளைகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவன் பள்ளியில் இருந்தான் என்றும், வீட்டில் படித்தவர்களையும் சேர்த்தால் மூவரில் ஒருவன் என்றும் மன்றோ சொல்கிறார். மற்ற இருவர் எங்கே? "எல்லோரும் படித்தார்கள்" என்று பகிர்கிறவர்கள் தங்கள் பாட்டியின் பாட்டி எந்தப் பள்ளிக்குப் போனாள் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் விரல் தயங்கியிருக்கும். தமிழ்ப் பகுதிகளிலிருந்து வந்த கணக்கில் சூத்திரர் என்று குறிக்கப்பட்ட பிள்ளைகளே பெரும்பான்மை என்பது உண்மை. அது பெரிய விஷயம், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கலத்துக்கு வெளியே நின்றவர்களின் பேரர்கள் இதைப் படித்துக் கைதட்ட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மன்றோ ஒரு வாக்கியம் எழுதினார். இங்குள்ள கல்வி நிலை எங்கள் நாட்டோடு ஒப்பிட்டால் தாழ்வுதான், ஆனால் அண்மைக் காலம்வரை பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளில் இருந்ததைவிட உயர்வு என்பது அதன் பொருள். இருநூறு ஆண்டுகளாக ஒரு கட்சி முன்பாதியை மட்டும் படிக்கிறது, மறு கட்சி பின்பாதியை. 1931 அக்டோபரில் லண்டனில் காந்தி பேசியது பின்பாதியை ஒட்டி. அங்கிருந்தே எழுந்து ஆதாரம் கேட்ட ஆங்கிலேயக் கல்வியாளர் பிலிப் ஹார்டாக் முன்பாதியை விடவில்லை. ஆய்வாளர் தரம்பால் 1983இல் அந்தப் பழைய அறிக்கைகளையெல்லாம் திரட்டி அச்சிட்ட பிறகாவது முழுதாகப் படிப்பார்கள் என்று நினைத்தேன். படிக்கவில்லை.

அழித்தார்களா என்றால், அதற்குப் பதில் பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823இல் அனுப்பிய கடிதத்திலேயே இருக்கிறது. இங்கிலாந்துத் துணி வந்து நெசவு படுத்துவிட்டது, ஊர் வறுமைப்பட்டுவிட்டது, பெற்றோரால் பள்ளிக்கு அனுப்ப முடியவில்லை, பழைய மானியங்கள் நின்றுவிட்டன என்று ஒரு வெள்ளைக்கார அதிகாரியே எழுதினார். யாரும் கோடரி எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தை வெட்டவில்லை. சோற்றை நிறுத்தினால் போதும். ஒவ்வொரு தாலுகாவிலும் பள்ளி வைத்து வாத்தியாருக்கு மாதம் 9 ரூபாய் கொடுக்கலாம் என்று மன்றோ போட்ட திட்டமும் அவர் 1827இல் காலராவில் போன பிறகு பத்து ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

காமராஜர் கேள்வியை விட்டுவிடுகிறேன். விடை தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள். கலாமை இழுக்காதீர்கள். ஒருவர் கரை சேர்ந்ததைக் காட்டிப் பாலம் இருக்கிறது என்று சொல்வது நம் ஊரில் ஒரு நோய்.

நம் கரைக்கு வருகிறேன். ராமநாதபுரம் அன்று தனி மாவட்டமல்ல, அது 1910இல்தான் ஆனது. மதுரைக் கலெக்டரின் கீழ் ஜமீனாக இருந்தது. கலெக்டர் ரௌஸ் பீட்டர். மீனாட்சிக்குத் தங்கத்தில் அங்கவடி, அதாவது குதிரையேறக் கால் வைக்கும் வளையம், செய்து கொடுத்த அதே பீட்டர். (சென்னையில் மன்றோ ஏறி உட்கார்ந்திருக்கும் குதிரைக்கு அங்கவடியே கிடையாது. இந்த இருவரையும் நினைத்தால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும்.) பீட்டருக்கு வந்த படிவத்தில் என்னென்ன கலங்கள் இருந்தன தெரியுமா? பிராமணர், வைசியர், சூத்திரர், இதர சாதியார், முசல்மான். கிறிஸ்தவர் என்று ஒரு கலம் இல்லை. பதினாறாம் நூற்றாண்டிலேயே வேதத்தில் சேர்ந்த கடலோரக் குடும்பங்களின் பிள்ளைகளை எந்தக் கலத்தில் போட்டார்கள்? கீழக்கரையிலும் தொண்டியிலும் வீட்டுக்குள்ளேயே அரபு எழுத்தில் தமிழ் வாசிக்கப் பழகிய பெண்களை எதில் போட்டார்கள்? படிவத்துக்குத் தெரியாத பிள்ளை, பிறக்காத பிள்ளை. கனராக் கலெக்டர் படிவத்தை நிரப்பவே மாட்டேன் என்று கடிதம் எழுதிவிட்டார். நேர்மையான மனிதர் என்று சில நேரம் தோன்றும், சோம்பேறி என்று சில நேரம்.

ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன், உங்களுக்குப் பிடிக்கும். சென்னை எழும்பூர் அனாதைப் பள்ளியில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே அதற்கு மதராஸ் முறை என்றே பெயர். லண்டன் ஏழைப் பிள்ளைகள் மணல் தட்டில் எழுதினார்கள். உங்கள் பள்ளி வாசலில் மைல் கணக்கில் கிடக்கிறதே, அந்தச் சரக்கு.

இனி அந்த வரி. "போய்விட்டார்களாம்."

அந்த 'ஆம்' யாருடையது, தம்பி? யார் சொன்னார்கள்? நீங்கள் போய்ப் பார்த்தீர்களா?

என் அப்பாவும் உங்களைப் போல ஒன்றியப் பள்ளி வாத்தியார்தான். ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் நடுவே கடலோரத்தில் ஓராசிரியர் பள்ளி. 1978இல் நான்காவது அகில இந்தியக் கல்வி ஆய்வு நடந்தது. செப்டம்பர் 30 கணக்கு நாள். 1957இல் நடந்த முதல் ஆய்விலேயே ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள். வருவாய்க் கிராமத்தை விட்டுவிட்டுக் குடியிருப்பைக் கணக்கில் எடுத்தார்கள். நம் பக்கத்தில் அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கர்ணம் கணக்கில் ஒரே ஊர். போய்ப் பார்த்தால் பனங்காட்டுக்குள் பத்து வீடு, தரவைக்கு அந்தப் பக்கம் இருபது, கடலோரத்தில் மீனவர் குடிசைகளாக ஒரு வாடி. ஒவ்வொன்றுக்கும் பள்ளி எவ்வளவு தூரம் என்று முதன்முதலாக ஓர் அரசாங்கம் கேட்டது. சுந்தரவடிவேலு கல்வித் துறையின் தலைமையில் இருந்த காலத்தில் மூலை முடுக்கெல்லாம் பள்ளி முளைத்ததற்கு அந்தக் கேள்வி ஒரு காரணம். அதனால்தான் கணக்கெடுப்பால் என்ன பயன் என்று நீங்கள் அலுத்துக்கொண்டது எனக்குக் கோபத்தைத் தந்தது.

எனக்கு அப்போது பதினொரு வயது. அப்பா சைக்கிளின் முன்சக்கரக் கம்பி ஒன்றில் சிவப்புத் துணியைக் கட்டினார். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏழு அடி நான்கு அங்குலம். துணி மேலே வரும்போதெல்லாம் நான் ஒன்று, இரண்டு என்று எண்ணவேண்டும். சக்கரம் புதையும் மணலில் இறங்கிக் காலடி எண்ணவேண்டும். அப்படித்தான் அந்த வாடிக்குப் போனோம். இருபத்திரண்டு குடிசைகள். பள்ளிக்கும் வாடிக்கும் நடுவில் ஒரு உப்பங்கழி. கோடையில் அது உப்புப் பூத்துக் காய்ந்து கிடக்கும், பத்து நிமிடத்தில் நடந்துவிடலாம். எண்ணூறு மீட்டர். ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் மார்பளவு தண்ணீர், அதன் கீழே இடுப்பளவு சேறு. உப்பளக் கரை ஏறிச் சாலைப் பாலத்தைச் சுற்றித்தான் போகவேண்டும். 1,790 சுற்று எண்ணினேன். நான்கு கிலோமீட்டர்.

அந்த வாடியிலிருந்து முன்பு என் வகுப்புக்கு ஒருத்தி வருவாள். கழியில் கணுக்கால் அளவு தண்ணீர் இருக்கும்வரை சிலேட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கடந்துவருவாள். ஐப்பசி பிறந்தால் வரமாட்டாள். தை மாதம் தண்ணீர் வற்றி அவள் வரும்போது நாங்கள் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டில் இருப்போம், அவள் ஏழில் நிற்பாள். மூன்றாம் வகுப்பில் ஒரு தை மாதம் தண்ணீர் வற்றியது, அவள் வரவில்லை.

அப்பாவின் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். அதனால் படிவத்தை நிரப்பியது நான். அப்பா நான்கு என்றார், நான்கு என்று எழுதினேன். ஒரு வாரத்தில் படிவம் திரும்பி வந்தது. அப்பாவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். என்னையும் சைக்கிளில் உட்காரவைத்துக்கொண்டு போனார். வாடியில் நின்றால் பள்ளிக்கூடத்து ஓடு தெரியுமா என்று அதிகாரி கேட்டார். தெரியும் என்றார் அப்பா. பிறகு எப்படி நான்கு கிலோமீட்டர்? கழியில் தண்ணீர், ஐயா. அதிகாரி கெட்டவரல்ல. எங்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். "சார், படிவத்தில் தண்ணீருக்குக் கலம் இல்லையே" என்றார்.

அன்று இரவு அரிக்கேன் விளக்கடியில் அப்பா பிளேடை எடுத்து என் கையில் கொடுத்தார். நான்கைச் சுரண்டினேன். தாள் அந்த இடத்தில் மெலிந்துவிட்டது. 0.8 என்று எழுதியபோது மை பரவிப் புள்ளி பெரிதாகிவிட்டது. அந்த வாடி, ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி வசதி உள்ள குடியிருப்பு என்று ஆயிற்று. பள்ளி வசதி உள்ள இடத்துக்கு யார் இன்னொரு பள்ளி கொடுப்பார்கள்?

அப்பாவை அதைப் பற்றி நான் ஒருநாளும் கேட்டதில்லை. எழுதியது என் கை.

நீங்கள் சுட்டியைச் சொடுக்கினீர்கள், நான் பிளேடால் சுரண்டினேன். ஒரு மணி நேரம் வீணாயிற்று என்று வருந்துகிறீர்கள். சர்வர் உடனே கிடைத்திருந்தால் இந்த வரியை எழுதியிருக்கவே மாட்டீர்கள், இல்லையா? காமன் பூல் ஒன்றும் கெட்ட ஏற்பாடல்ல. பிள்ளை போன ஊர்ப் பள்ளி அங்கிருந்து அவனை எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்தது. எடுத்துக்கொள்ளும் பள்ளிக்கு அவன் வந்திருப்பது தெரியவேண்டாமா? கச்சான் காற்று அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வாடைக்காற்று பிறந்தால் வடகடல். வலையும் சட்டியும் பிள்ளைகளுமாகச் சனம் கரை மாறுவது உங்கள் எமிஸுக்குத் தெரியாது, மன்றோவுக்கும் தெரியாது. மண்டபத்து டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும். நான்கு ஆண்டுகளாக அங்கே டீ குடிக்கும் உங்களுக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

கொஞ்சம் அதிகமாகத் திட்டிவிட்டேன் என்று தோன்றுகிறது. மூன்று பிள்ளைகள் வரவில்லை என்பதை எழுத மறக்காதவர் நீங்கள். அதையே எழுதாத கடிதங்கள்தான் எனக்கு அதிகம் வருகின்றன.

தரம்பாலின் தொகுப்பில் மதுரைப் பக்கங்களை நகலெடுத்து அனுப்புகிறேன், முகவரி எழுதுங்கள். அதே கடிதத்தில் அந்த மூவரும் எந்த வாடியில் இருக்கிறார்கள், அங்கிருந்து பக்கத்துப் பள்ளி எவ்வளவு தூரம் என்றும் எழுதுங்கள். சனிக்கிழமை பைக்கில் போய் வந்துவிடலாம். தை வரை தள்ளிப்போடாதீர்கள், தண்ணீர் நிற்கும்போதே அளந்துவிடுங்கள்.