அந்த இரண்டு டிக்கெட்

கேள்வி: எங்கள் இளைய மகள் கொலம்பியாவில் மிசூரி பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். நாங்கள் இருக்கும் கான்சஸ் சிட்டியிலிருந்து காரில் இரண்டு மணி நேரம்தான். ஆனாலும் இந்த வருடம் நவராத்திரிக்கு அவள் எட்டிப் பார்க்கவில்லை. அங்கே அணிவகுத்து நடந்தபடி வாசிக்கும் மார்ச்சிங் பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறாள். கேட்டால் கல்லூரியில் ஹோம்கமிங் விழா வருகிறது, ஒத்திகை இருக்கிறது என்கிறாள். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் பேத்தியைப் பார்க்காமல் ஏங்கிப் போயிருக்கிறார். ஓர் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்துக்காக ஊர்வலம், அலங்காரம், ராஜா ராணி தேர்வு, மைதானத்துக்கு வெளியே குடி என்று ஊரே ஆடுகிறது. எங்களுக்கும் இரண்டு டிக்கெட் அனுப்பியிருந்தாள். நாலு மணி நேரம் குளிரில் யார் உட்காருவது? முந்நூறு பேர் நடுவில் அவளைக் கண்டுபிடிக்கத்தான் முடியுமா? வீணாகப் போக வேண்டாமே என்று என் கணவர் ஆபீஸ் நண்பருக்குக் கொடுத்துவிட்டார். மூத்தவள் இப்படி இல்லை. அவளுடைய பரதநாட்டிய அரங்கேற்றத்தை நானூறு பேரை அழைத்து நடத்தினோம். இளையவளோ இப்போது போனைக்கூட எடுப்பதில்லை. ஹோம்கமிங் முடிந்து பத்து நாளாகிறது, ‘பிஸி’ என்று ஒரு வரிதான் வருகிறது. இந்தக் கொண்டாட்ட மோகத்திலிருந்து அவளை எப்படி மீட்பது?

பெயர் வேண்டாம், கான்சஸ் சிட்டி

பதில்:

சகோதரி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

மகள் அனுப்பிய டிக்கெட்டை அந்நியருக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

மாமியாரின் ஏக்கம், நவராத்திரி, குடி எல்லாவற்றையும் விரிவாக எழுதிய நீங்கள், இதை மட்டும் இரண்டே வரியில் தாண்டிப் போகிறீர்கள். அதன்பின் மூத்தவளைப் பற்றி எழுதுகிறீர்கள். அதற்கும் பிறகுதான் இளையவள் போனை எடுப்பதில்லை என்று வருகிறது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறீர்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவள் அழைத்தாள், நீங்கள் போகவில்லை, அவள் பேசுவதை நிறுத்தினாள். இதில் மோகம் எங்கே இருக்கிறது?

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. துக்கத்துக்கு அழைக்காமலே போக வேண்டும், நல்லதுக்கு அழைத்தால் போயே ஆக வேண்டும். முடியாத நிலை என்றால்கூட வீட்டுக்கு ஒருத்தராவது போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவார்கள். தூரத்து உறவில், பேசியே பத்து வருடம் ஆனவர் பத்திரிகை வைத்தால்கூட அப்படித்தான். அந்தப் பத்திரிகையை அடுத்த வீட்டுக்காரரிடம் கொடுத்து, “நீங்க போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க, வீணாகக் கூடாது” என்று யாராவது சொல்வார்களா? மூத்தவளின் அரங்கேற்றத்துக்கு வந்த நானூறு பேரில் ஒருவர் அப்படிச் செய்திருந்தால் நீங்கள் ஆயுசுக்கும் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்ற மகளுக்கு அதைச் செய்துவிட்டு, அவளுக்குத்தான் ஏதோ கோளாறு என்று எனக்கு எழுதுகிறீர்கள்.

அரங்கேற்றம் உங்கள் நிகழ்ச்சி. மண்டபம் உங்களுடையது, விருந்தாளிகள் உங்களுடையவர்கள், வந்த பாராட்டில் பாதி உங்களுக்கு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளைக்காக அவ்வளவு பாடுபட்டவர்களுக்கு அந்தப் பெருமை சேர வேண்டியதுதான். ஆனால் இளையவள் தேர்ந்தெடுத்த மேடையில் உங்களுக்கு நாற்காலி போட்டவள் அவள். அங்கே நீங்கள் விருந்தாளி. பிள்ளை வீட்டுக்கு விருந்தாளியாகப் போகத் தெரியாத பெற்றோரை இந்தப் பக்கத்தில் எத்தனையோ வருடமாகப் பார்த்து வருகிறேன். டல்லஸிலிருந்து எழுதுவார்கள், நியூஜெர்சியிலிருந்து எழுதுவார்கள். பிள்ளை எங்களைவிட்டு விலகிவிட்டான் என்றுதான் எல்லாருமே ஆரம்பிக்கிறார்கள். கடிதத்தில் எங்கேயாவது ஓர் ஓரத்தில் இப்படி ஒரு டிக்கெட் கிடக்கும்.

ஹோம்கமிங் என்றால் என்ன என்று மகளிடம் கேட்டிருக்கிறீர்களா? அவள் படிக்கும் இடத்தில் அதற்கு ஒரு கதை உண்டு. உங்கள் ஊருக்கும் அதில் பங்கு இருக்கிறது. மிசூரிக்கும் கான்சஸ் பல்கலைக்கழகத்துக்கும் நடக்கும் பெரிய ஆட்டம் பெரும்பாலும் பொதுவான இடமாகப் பார்த்து உங்கள் கான்சஸ் சிட்டியில்தான் நடந்துகொண்டிருந்தது. கல்லூரி ஆட்டங்கள் கல்லூரி மைதானத்திலேயே நடக்க வேண்டும் என்று விதி வந்ததும், 1911இல் அது முதன்முறையாகக் கொலம்பியாவுக்கு வந்தது. சின்ன ஊர். பெரிய நகரத்தைவிட்டு அங்கே யார் வருவார்கள் என்று கவலை. அப்போது விளையாட்டுத் துறையைக் கவனித்துக்கொண்டிருந்த செஸ்டர் புரூவர், பழைய மாணவர்களை எல்லாம் ‘வீட்டுக்கு வாருங்கள்’ என்று அழைத்தார். ஊர்வலம் வைத்தார்கள், முந்தின நாளே கூட்டம் கூட்டினார்கள். 9,000 பேருக்கும் மேல் வந்துவிட்டார்கள். ஆட்டம் 3-3 என்று சமனில் முடிந்தது. யாரும் ஜெயிக்காத அந்த ஆட்டத்தை அங்கே இன்றுவரை கொண்டாடுகிறார்கள். இதை முதலில் தொடங்கியது நாங்கள்தான் என்று பேலர் பல்கலைக்கழகம் 1909ஐயும் இல்லினாய் பல்கலைக்கழகம் 1910ஐயும் காட்டும். அந்த வழக்கு நமக்கு வேண்டாம். எங்கே தொடங்கியிருந்தாலும் இது அழைப்பில் பிறந்த விழா. ஆட்டம் சாக்கு, ஆள் வருவதுதான் விஷயம். அந்த அழைப்பைத்தான் உங்கள் மகள் உங்கள் கையில் கொடுத்தாள்.

நான் ஒரு முறை அந்த ஊர்வலத்தைப் பார்த்திருக்கிறேன். அண்ணன் மகனைப் பார்க்கப் போயிருந்தபோது, ஓர் அக்டோபர் சனிக்கிழமை காலை, கொலம்பியாவில் நடைபாதை ஓரத்தில் நின்றேன். மடக்கு நாற்காலியும் போர்வையுமாகக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். தாத்தா கறுப்பும் மஞ்சளும் கலந்த ஸ்வெட்டர் போட்டிருந்தார், பேரனும் அதே நிறத்தில். முதலில் முரசுச் சத்தம் வந்தது, அப்புறம்தான் பேண்டே கண்ணில் பட்டது. இப்போது படிக்கும் பிள்ளைகள் மட்டும் அல்ல, பழைய மாணவர்களின் பேண்டும் வந்தது. நரைத்த தலைகள், கால் தாளத்துக்கு ஒத்துழைக்காவிட்டாலும் வாத்தியத்தை விடாதவர்கள். எனக்கு நம் ஊர்த் தேரோட்டம் ஞாபகம் வந்தது. பிழைப்புக்காக எங்கெங்கோ போனவர்கள் வடம் பிடிக்க மட்டும் ஊருக்கு வந்துவிடுவார்களே, அதே முகங்கள்தான் இங்கேயும். வளாகத்தின் நடுவில் ஆறு தூண்கள் தனியாக நிற்கின்றன. 1892இல் தீப்பிடித்து எரிந்த பழைய கட்டடத்தில் மிஞ்சியவை. கட்டடம் போன பிறகும் தூண்களை இடிக்காமல் காத்து வைத்திருக்கிறார்கள். வயதானவர்கள் அதன் கீழே நின்று பேரப்பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். இவர்களுக்குக் குடும்பம் என்ற ஒன்றே கிடையாது என்று நம் ஆட்கள் பேசும்போது எனக்கு அந்தக் காலைதான் நினைவுக்கு வரும்.

அந்த ஊர்வலத்துக்கு டிக்கெட்டே கிடையாது, சகோதரி. சும்மா தெருவில் போய் நிற்கலாம். நாலு மணி நேரக் குளிர் ஆகாது என்றால் காலையில் ஒரு மணி நேரம் நின்று மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். அதுவும் செய்யவில்லை. அதனால் குளிரைக் காரணம் சொல்லாதீர்கள்.

“முந்நூறு பேர் நடுவில் அவளைக் கண்டுபிடிக்க முடியுமா” என்று கேட்கிறீர்கள். இந்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. மகாமகக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்த தாய் முதுகைப் பார்த்தே அடையாளம் கண்டுபிடித்துவிடுவாள். சீருடையும் இறகு வைத்த தொப்பியும் எல்லாருக்கும் ஒன்றுதான், சரி. நடை ஒன்றா? ஆறாம் வகுப்பில் பள்ளி பேண்டில் சேருவதுதான் அங்கே வழக்கம். உங்கள் மகளும் அந்த வயதிலேயே தொடங்கியிருந்தால் ஏறக்குறைய பத்து வருடம் உங்கள் வீட்டு மாடியறையில்தான் அந்தக் கிளாரினெட் கீச்சிட்டுக் கீச்சிட்டுச் சுருதிக்கு வந்திருக்கும். நம் ஏ.கே.சி. நடராஜன் கர்நாடக சங்கீதத்தைக் குழைத்துக் கொடுத்த அதே வாத்தியம். அதைக் கேட்டு வளர்த்த உங்களுக்கு அவளைத் தெரியாது என்றால் நான் நம்ப மாட்டேன். உங்களுக்குத் தேடிப் பார்க்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அன்று அவள் என்ன பார்த்திருப்பாள் என்று யோசியுங்கள். இடைவேளை மொத்தமே 20 நிமிடம். அதற்குள்தான் பேண்ட் களத்தில் இறங்கி, நடந்துகொண்டே வாசித்து, உருவங்கள் போட்டு, வெளியேற வேண்டும். ஒரு அடி தப்பினால் வரிசையே கோணிவிடும். அதற்காகத்தான் அத்தனை ஒத்திகை. ஐம்பதாயிரத்துக்கும் மேல் சுற்றி உட்கார்ந்திருக்கும் அந்த அரங்கில், அவளுக்குத் தெரிந்த இருக்கைகள் இரண்டே இரண்டுதான். எந்தப் பிரிவு, எந்த வரிசை, என்ன எண் என்று மனப்பாடமாகத் தெரியும், அவள்தானே அனுப்பினாள். இறங்கும்போது நிச்சயம் அங்கே ஒரு பார்வை போயிருக்கும். அப்பாவின் ஆபீஸ் நண்பர் கை ஆட்டியிருப்பார். அந்த மனிதர்மேல் தப்பில்லை.

டிக்கெட்டுக்கு அவளுக்குக் காசு ஏது என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டிருக்கவும் மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கேளுங்கள்.

குடி விஷயம். அது வெறும் பயம் என்று சொல்லி உங்களைத் தேற்ற மாட்டேன். ஆட்டத்துக்கு முன் வண்டி நிறுத்தும் இடத்தில் அடுப்பு மூட்டிச் சாப்பிட்டுக் குடிக்கும் டெயில்கேட்டிங் அங்கே சாதாரணம், அளவு மீறுகிறவர்களும் இருக்கிறார்கள். 21 வயதுக்குள் குடிப்பது அந்த நாட்டில் சட்டப்படி குற்றம். இதை மகளிடம் நேராகக் கேளுங்கள், பயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் பேண்ட் பிள்ளைகளுக்கு அன்றைக்குக் காலை ஒத்திகை, ஊர்வலம், ஆட்டம் என்று பொழுதே போதாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நேரில் போயிருந்தால் இதை உங்கள் கண்ணாலேயே பார்த்திருப்பீர்கள். ஹோம்கமிங்கை ஒட்டி அதே மாணவர்கள் பல நாள் ரத்ததான முகாம் நடத்துகிறார்கள், ஆயிரக்கணக்கான யூனிட் ரத்தம் சேருகிறது. இதையும் ஆட்டம் போடுவது என்ற கணக்கிலா எழுதுவீர்கள்? ராஜா ராணி தேர்வைப் பற்றி நீங்களும் நானும் கவலைப்பட ஒன்றும் இல்லை.

உங்கள் மகள்மேலும் எனக்கு வருத்தம் உண்டு. கடல் தாண்டி வந்திருக்கும் பாட்டியை இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு பார்க்க வராதது தப்பு. ஒத்திகை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்து, கொலுவுக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, சுண்டல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். வயதானவர்களுக்கு அடுத்த வருடம் என்பது உறுதியில்லை. படிப்பும் கலையும் பெரியவர்களுக்குச் செய்ய வேண்டியதிலிருந்து யாருக்கும் விடுதலை தருவதில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதை நான் சொன்னதாகவே அவளிடம் சொல்லுங்கள்.

ஆனால் இப்போது சொல்லாதீர்கள். அவள் கூப்பிட்டு நீங்கள் போகாதிருக்கும்போது, நாங்கள் கூப்பிட்டு நீ வரவில்லையே என்று கேட்க உங்களுக்கு வாய் இல்லை. முதலில் அந்த டிக்கெட்டுக்கு மன்னிப்புக் கேளுங்கள். ‘அப்பா ஏதோ தெரியாமல் கொடுத்துவிட்டார்’ என்று அவர் தலையில் போட வேண்டாம். உங்கள் கணவரும் கேட்க வேண்டும், நீங்களும் கேட்க வேண்டும், தனித்தனியாக. பெற்றவர்கள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதா என்று அவர் முறைத்தால் இந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுங்கள். போனில் வேண்டாம். அவள் எடுக்கவும் மாட்டாள். புளியோதரை கட்டிக்கொண்டு மாமியாரையும் கூட்டிக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமையே ஐ-70 நெடுஞ்சாலையில் கிளம்புங்கள். பேத்தியைப் பார்க்க வேண்டும் என்று ஏங்குகிறவரை வீட்டில் உட்கார வைத்துக்கொண்டு அவளை வா வா என்று சொல்லிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. பாட்டியே நேரில் வந்து நின்றால் அவள் கோபம் தணிந்துவிடும்.

அவளைப் பார்க்கும்போது மைதானத்தில் இன்னும் எத்தனை ஆட்டம் மிச்சம் என்று கேளுங்கள். ஒன்றே ஒன்று இருந்தாலும் மூன்று டிக்கெட், இந்த முறை உங்கள் காசில். இந்த வருடம் எதுவும் மிச்சமில்லை என்றால் அடுத்த ஹோம்கமிங் தேதி வெளியாகும் அன்றே காலண்டரில் வட்டம் போடுங்கள், அது அவளுடைய கடைசி வருடம். மாமியாருக்குக் கம்பளியும் குரங்குக் குல்லாவும் ஃபிளாஸ்கில் காப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பெரிய பையை உள்ளே விட மாட்டார்கள், எதையெல்லாம் கொண்டுபோகலாம் என்று முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

அப்புறம், கிளாரினெட் வரிசை களத்தில் எந்தப் பக்கம் இறங்கும் என்று அவளிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.