கழுத்தில் மட்டும் ஏறும் கொழுப்பு பட்டினியால் கரையுமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 48. பல்லடத்தில் தறி ஓட்டுகிறார். மூன்று வருடமாகக் கழுத்தின் இரண்டு பக்கமும், பிடரியிலும், தோளிலும் சதை ஏறுகிறது. காலர் பட்டன் போட முடிவதில்லை. கை காலெல்லாம் குச்சிதானுங்க. வலி இல்லை. தினமும் ஒரு குவார்ட்டர் குடிப்பார். ஊசியில் எடுத்துப் பார்த்ததில் வெறும் கொழுப்பு என்று வந்தது. ராத்திரிச் சோற்றை நிறுத்தியும் குறையவில்லை. எண்ணெய் போட்டு உருவினால் கரையும் என்கிறார்கள். ஆபரேஷன் செய்யலாமா?

பதில்: இது சாதாரணப் பருமன் அல்ல. கை கால் மெலிந்திருக்க, கழுத்திலும் தோளிலும் மட்டும் இருபுறமும் ஒரே அளவாகக் கொழுப்பு சேர்ந்தால் 'மாடெலுங் நோய்' என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஓட்டோ மாடெலுங் 1888இல் 33 பேரைப் பற்றி எழுதியதால் அந்தப் பெயர். பெரும்பாலும் நடுவயது ஆண்களுக்கு, அதிலும் நெடுநாள் குடிப்பவர்களுக்கு வருவது. புற்றுநோய் அல்ல.

இந்தக் கொழுப்பு பட்டினிக்கு அசையாது. ராத்திரிச் சோற்றை நிறுத்தினால், ஏற்கெனவே மெலிந்த கை கால்தான் இன்னும் மெலியும். உருவுவதும் வீண்.

கழுத்துக்கு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுங்கள், கொழுப்பு உள்ளே மூச்சுக்குழாயை நெருக்குகிறதா என்று தெரியும். கூடவே கல்லீரல், தைராய்டு, சர்க்கரை, யூரிக் அமிலம், ரத்த அணுக்கள். மூட்டு வலிக்கென்று பெயர் தெரியாத மாத்திரை சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம்; அதுவும் பிடரியில் திமில் போலக் கொழுப்பு வைக்கும். பாதம் மரத்துப்போகிறதா என்றும் கேளுங்கள், இந்த நோயில் நரம்பும் கெடும். படுத்தால் மூச்சு முட்டுவது, சோறு தொண்டையில் நிற்பது, குரல் மாறுவது, குறட்டை நடுவில் மூச்சு நிற்பது, இதில் எது இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம்.

இனி குடி. ஒரு குவார்ட்டர் 180 மி.லி.; அதில் சுத்த ஆல்கஹால் சுமார் 60 கிராம். விட்டால் வளர்ச்சி பெரும்பாலும் நிற்கும், ஆனால் சேர்ந்தது வற்றாது. இவ்வளவு வருடம் குடித்தவர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அடுத்து பிதற்றலும் நடுக்கமும். அதனால் மருத்துவர் மேற்பார்வையில், தயாமின் (வைட்டமின் பி1) ஊட்டத்தோடு நிறுத்துங்கள்.

ஆபரேஷன் செய்யலாம். ஆனால் சாதாரணக் கொழுப்புக் கட்டி போல இதற்கு உறை கிடையாது. பிதுக்கி எடுக்க வராது. தசை, ரத்தக்குழாய், நரம்புகளுக்கு நடுவே ஊடுருவியிருக்கும். முழுதாக எடுக்கப் போனால் நரம்பும் ரத்தக்குழாயும் அடிபடும், ரத்தக்கட்டும் சேரும். எனவே தொல்லை தருவதை மட்டும், சில சமயம் இரண்டு மூன்று தடவையாக எடுப்பார்கள். மேலோட்டமானதை உறிஞ்சி எடுக்கலாம். குடி தொடர்ந்தால் திரும்ப வளரும். சின்ன கிளினிக்கில் வேண்டாம். தடித்த கழுத்தில் மயக்க மருந்துக்குக் குழாய் இறக்குவதே சிரமம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போல எல்லாத் துறையும் உள்ள இடத்துக்குப் போங்கள்.

அதுவரை, திருப்பூர்ப் பக்கம் இன்ச் டேப்புக்கா பஞ்சம், மாதம் ஒருமுறை குரல்வளைக்குக் கீழே கழுத்துச் சுற்றளவை அளந்து தேதியோடு குறித்து எடுத்துப் போங்கள். வளர்கிறதா, நின்றுவிட்டதா என்பதை அந்தச் சீட்டே மருத்துவருக்குச் சொல்லிவிடும்.