ஃபோல்டர் பாதை நீண்டால் ரூட் கைமாறுமா?

கேள்வி: பர்மா காலத்து லேவாதேவிப் பேரேடுகளை ஸ்கேன் செய்து தரும் வேலை எங்களுடையது. 2020இல் டெபியன் 10 (லினக்ஸில் ஒரு வகை) போட்ட சர்வர். ஏழு பேர் லாகின் செய்கிறோம். அப்டேட் போட்டதே இல்லை. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் அடுக்கியே ஒருவர் ரூட் (சர்வரில் முழு அதிகாரம் உள்ள பயனர்) ஆகிவிடலாம் என்கிறார்களே, நிஜமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: நிஜம்தான். சிவிஇ-2021-33909 (பாதுகாப்பு ஓட்டைகளுக்கு இடும் பொது எண்), குவாலிஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ‘செக்கோயா’ என்று பெயரிட்டு 2021 ஜூலை 20இல் வெளியிட்டது. 2014இல் வந்த 3.16 பதிப்பு முதல் லினக்ஸின் மையமான கெர்னலில் இருந்த ஓட்டை.

முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று உங்கள் ஊர் வீடு போவதுபோல, பாதையின் நீளம் 1 ஜிபியைத் தாண்டும்வரை ஃபோல்டர்களை அடுக்க வேண்டும். அதை மவுண்ட் செய்து (கோப்பு அமைப்பில் இணைத்து), அழித்துவிட்டு, ப்ராக் என்ற கெர்னல் தகவல் ஃபோல்டரில் மவுண்ட்களைப் பட்டியலிடும் மவுண்ட்இன்ஃபோ கோப்பைப் படித்தால் போதும். பாதையை எழுத இடம் பற்றாதபோது கெர்னல் பஃபரை (மெமரியில் ஒதுக்கிய தற்காலிக இடத்தை) இரட்டித்துக்கொண்டே போய் 2 ஜிபியைத் தொடும். 64 பிட்டில் இருந்த அந்த அளவு அடுத்த ஃபங்ஷனுக்கு 32 பிட் இன்ட்டாக (முழு எண்ணாக) போகிறது. இன்ட்டில் 214,74,83,647 வரைதான் கொள்ளும். ஒன்று கூடினாலும் மைனஸ். அதனால் ‘//டெலீட்டட்’ என்ற 10 பைட், பஃபருக்கு 2 ஜிபி முன்னால் போய் விழுகிறது. அந்தப் பத்து பைட்டை வைத்தே ரூட் எடுத்துக் காட்டினார்கள். சுமார் 5 ஜிபி மெமரி, பத்து லட்சம் ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஃபோல்டருக்குமான பதிவு) செலவு.

கெர்னல் பதிப்பைக் காட்டும் ‘யூநேம் -ஆர்’ கட்டளை 4.19.0 என்றுதான் சொல்லும், அதை நம்பாதீர்கள். ‘யூநேம் -வி’ பாருங்கள். 4.19.194-3 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் இந்த ஓட்டை அடைபட்டது. மூலக் கெர்னலில் திருத்தம் 5.13.4இல் வந்தது, டெபியன் அதைப் பழைய கெர்னலிலேயே ஒட்டிவிட்டது. புதுக் கெர்னலை நிறுவிவிட்டு ரீபூட் செய்ய மறக்காதீர்கள். அதுவரை ஓடுவது பழசுதான்.

சாதாரண பயனரும் தனக்கென ஒரு தனி வட்டத்தில் மவுண்ட் செய்ய விடும் யூசர் நேம்ஸ்பேஸ் வசதி டெபியன் 10இல் இயல்பாகவே மூடியிருக்கும். கன்டெய்னருக்காக (புரோகிராமைத் தனியே பிரித்து ஓட்டும் பெட்டி) யாராவது அந்த அமைப்பை 1 (திறப்பு) ஆக்கியிருந்தால் 0 (மூடல்) ஆக்குங்கள். அது மட்டும் போதாது: சாதாரண பயனரும் மவுண்ட் செய்ய உதவும் ஃபியூஸ் வழியாகவும் மவுண்ட் செய்யலாம். அப்படி 8 எம்பிக்கு மேல் நீண்ட பாதையை மவுண்ட் செய்தால், சிவிஇ-2021-33910 என்ற வேறொரு ஓட்டையால் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி விழுந்து சர்வரே நின்றுபோகும்.

டெபியன் 10க்கான நீண்டகால ஆதரவும் 2024 ஜூன் 30இல் முடிந்துவிட்டது. ஸ்கேன்களை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துக்கொண்டு 11க்கும், பிறகு 12க்கும் ஏறுங்கள். நடுப்படியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.