ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டலாமா?

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். எது வேண்டுமானாலும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னார். மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு தெரபி மையத்தில் ஆறு மாதத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டினால் முழுதாகச் சரியாக்கித் தருவோம் என்கிறார்கள். வகுப்பு நேரத்தில் என்னை உள்ளே விட மாட்டார்களாம். வீட்டில் மாமியார் பேசும் மலையாளத்தையும் நிறுத்தச் சொல்கிறார்கள். கணவர் வளைகுடாவில் இருக்கிறார். பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. பயிற்சியால் பேச்சும் பழக்கமும் முன்னேறும். எந்தப் பிள்ளை எவ்வளவு தூரம் வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ‘முழுதாகச் சரியாகும்’ என்று சொல்லி முன்பணம் கேட்பவர் உங்கள் பயத்துக்கு விலை போடுகிறார். நாளை இவர்களே ஸ்டெம் செல் ஊசி என்று ஆரம்பித்தாலும் போகாதீர்கள். ஆட்டிசத்துக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல.

அந்த மூடிய கதவுதான் எனக்குப் பெரிய கவலை. வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் அவன் தெரபிஸ்ட்டிடம் இருப்பான், மற்ற நேரமெல்லாம் உங்களிடம். உங்களுக்குச் சொல்லித் தராத தெரபியால் என்ன பயன்? உதாரணத்துக்கு, ஏத்தம்பழத்தை முழுதாகக் கையில் கொடுக்காதீர்கள். ஒரு துண்டு கொடுங்கள். அடுத்த துண்டை உங்கள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, மனசுக்குள் ஐந்து எண்ணும் வரை பேசாமல் இருங்கள். அவன் பார்த்தாலோ, கை நீட்டினாலோ, ஒரு சத்தம் போட்டாலோ, ‘தா’ என்று நீங்களே சொல்லி, துண்டைக் கையில் கொடுத்துவிடுங்கள். ‘சொல்லு, சொல்லு’ என்று நெருக்கவோ, அழ வைக்கவோ வேண்டாம். தினமும் சாப்பாட்டில், குளியலில், செருப்புப் போடும்போது இதையே செய்யலாம்.

மலையாளத்தை நிறுத்தவே வேண்டாம். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் வராது, கூடவும் செய்யாது. பாட்டி அவனிடம் பேசட்டும்.

ஸ்பீச் தெரபிஸ்ட்டும் சிறப்பாசிரியரும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற இடம் உங்களுக்கு வேண்டாம். இதில் ஒரு விலக்கு உண்டு, இதை வைத்துப் பலர் குழம்புகிறார்கள், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். ஓ.டி. என்கிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுக்கு, அதாவது சாப்பிடுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பிள்ளையைப் பழக்குபவருக்கு, அந்தக் கவுன்சில் எண் இருக்காது. அவர்கள் படிப்பு அதன் கீழ் வருவதில்லை. எண் இல்லை என்பதற்காக நல்ல ஓ.டி.யைப் போலி என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அவரிடம் பட்டச் சான்றிதழைக் கேளுங்கள். ஆனால் சில மாத டிப்ளமோ படித்துவிட்டு ‘நானும் ஓ.டி.தான், எனக்கு எண் தேவையில்லை’ என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பட்டம் இல்லையென்றால் அவர் ஓ.டி. இல்லை.

காது கேட்கும் பரிசோதனை செய்தாயிற்றா? நீங்கள் எழுதவில்லை. பெயருக்குத் திரும்பாத பிள்ளைக்கு அதுதான் முதலில். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். பிறவி, வளர்ச்சிக் குறைபாடுகளுக்கென அரசு நடத்தும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்திலும் பதிந்துவிடுங்கள். அங்கே பணம் வாங்க மாட்டார்கள்.

அப்புறம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. குறைபாட்டின் சதவீதத்தைக் கூட்டி அட்டை வாங்கித் தருகிறேன் என்று வரும் புரோக்கருக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். அலைச்சல் இருக்கும், மறைக்கவில்லை. சத்தம் தாங்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி, அட்டைக்கான மருத்துவ முகாமுக்கு வந்த அம்மாவிடம், ‘டாக்டர் வரவில்லை, அடுத்த மாதம் வாருங்கள்’ என்கிறார்கள். ஒரு போன் செய்து முன்பே சொல்ல ஆளில்லையா? இந்த அலைச்சலில்தான் புரோக்கர் பிழைக்கிறான்.

மத்திய அரசின் நிராமயா காப்பீட்டில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வருடம் 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபிச் செலவும் அதில் வரும். செலவைத் திரும்பப் பெற பில் வேண்டும். எனவே எங்கே போனாலும் அன்றன்றைக்குக் கட்டி, அன்றன்றைக்கே ரசீது வாங்குங்கள். முதல் நாள் போகும்போது, வீட்டில் அவன் விளையாடுவதை இரண்டு நிமிடம் போனில் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். புது இடத்தில் அவன் அப்படி இருக்க மாட்டான்.