கறுப்பின மக்களின் கொடை – கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் ஆகஸ்ட் மாதத்தைக் கறுப்பின மக்களின் கொடைக்குரிய மாதமாகக் கொண்டாடுகிறார்கள் என்று அண்மையில் அறிந்தேன். எனக்கு இரண்டு ஐயங்கள். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவன் நான். கொடையைக் கொண்டாடுவது அதன் மதிப்பைக் குறைத்துவிடாதா? அதோடு, கொடைக்கு நிறம் எதற்கு?

ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்கக் கொடையின் வரலாற்றில் கறுப்பின மக்கள் நெடுங்காலம் பெற்றுக்கொள்பவர்களாகவே காட்டப்பட்டார்கள். கொடுத்தவர்கள் என்றதும் கார்னகி, ராக்பெல்லர் போன்ற பெருஞ்செல்வர்களே நினைவுக்கு வந்தார்கள். 2011இல் ஜாக்கி பூவியே கோப்லண்ட் என்ற சமூகச் செயற்பாட்டாளர் தொடங்கிய இந்தக் கொடை மாதத்தை, அந்தப் பிழையைத் திருத்தும் முயற்சியாகவே நான் பார்க்கிறேன்.

ரோசன்வால்ட் பள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். சியர்ஸ் என்ற வணிக நிறுவனத்தின் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்ட், கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனின் தூண்டுதலால், தென் மாநிலக் கிராமங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளிகள் கட்டப் பணம் அளித்தார். 1932க்குள் ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழுந்தன. அவருடைய பெருந்தன்மையில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால், ஊராரும் தம் பங்கைத் திரட்ட வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. அவரது நிதியம் தந்தது சுமார் 43 லட்சம் டாலர். கறுப்பின மக்கள் தாமே திரட்டித் தந்தது சுமார் 47 லட்சம் டாலர். அவர்களில் பெரும்பாலோர் பிறர் நிலத்தில் பாடுபட்டவர்கள். பணம் இல்லாதவர்கள் மரமும் உடலுழைப்பும் கொடுத்தார்கள். சில ஊர்களில், நம் வீடுகளில் பிடியரிசி எடுத்துவைத்ததைப் போல, பருத்தி வயலின் ஒரு பகுதியைப் பள்ளிக்கென்றே ஒதுக்கிப் பயிரிட்டார்கள். இத்தனைக்கும் அவர்கள் வரி செலுத்தியவர்கள். அந்த வரிப்பணத்தில் பெரும்பகுதி வெள்ளையர் பள்ளிகளுக்குப் போய்க்கொண்டிருந்ததால், தம் பிள்ளைகளின் படிப்புக்காக அவர்கள் இரண்டாம் முறையும் கொடுக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கும் பேருந்துக்கும் நிறம் வகுத்தது அன்றைய சட்டம். அந்தச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர்களின் கொடையை, நிறத்தைக் குறிப்பிடாமல் எப்படிச் சொல்ல முடியும்?

இனி மறைவாகக் கொடுப்பது பற்றி. 1955 டிசம்பரில் அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில், பேருந்துகளில் இருந்த நிறப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்களின் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியபோது, ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணி வேறு சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு, கோழி சாண்ட்விச்சும் கேக்கும் ‘பை’ (pie) என்ற பலகாரமும் செய்து விற்றுப் போராட்டத்துக்குப் பணம் சேர்த்தார். 381 நாள் நீடித்த அந்தப் புறக்கணிப்பில் மக்களை வேலைக்கு ஏற்றிச் சென்ற கார்களின் எரிபொருளுக்கு அத்தகைய பணம்தான் உதவியது. அந்தப் பெண்களில் பலர் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர்கள். பெயர் தெரிந்தால் பிழைப்பே போய்விடும். ஆகவே தங்கள் குழுவுக்கு, ஊர்பேர் இல்லாத சங்கம் என்று பொருள்படும் பெயரையே வைத்துக்கொண்டார்கள். யார் சமைத்தார், யார் வாங்கினார் என்பது கில்மோர் ஒருவருக்கே தெரியும். நீதிமன்றத்தில் துணிந்து சாட்சி சொன்ன அவர் தம் வேலையை இழந்தார். பிறகு தம் வீட்டிலேயே சமைத்துப் பிழைத்தார். அச்சத்தால் மறைக்க நேர்ந்த கொடையை, அச்சம் நீங்கிய பின்னும் மறைத்தே வைப்பதில் எந்த அறமும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வெளியே தெரிவதால் விளையும் நன்மையும் உண்டு. மிசிசிப்பியின் ஹாட்டிஸ்பர்க் நகரில் வாழ்நாள் முழுவதும் பிறர் துணிகளை வெளுத்து வாழ்ந்த ஓசியோலா மெக்கார்ட்டி, 1995இல், தம் 87ஆம் வயதில், ஏழை மாணவர்களின் உதவித்தொகைக்காக 1,50,000 டாலரை சதர்ன் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். அவரது இளமையில் கறுப்பினத்தவரைச் சேர்க்காத கல்வி நிலையம் அது. செய்தி பரவியதும் நூற்றுக்கணக்கானோர் அந்த நிதியில் தம் பணத்தையும் சேர்த்தார்கள். அவர் கொடுத்தது ஒருவருக்கும் தெரியாமல் போயிருந்தால் அந்தப் பணம் வந்திருக்காது.

ஆனால் இந்தக் கொண்டாட்டத்தில் எனக்கு ஒரு கவலையும் இருக்கிறது. 2019இல் மோர்ஹவுஸ் கல்லூரியில் பட்டம் பெற்ற சுமார் 400 மாணவர்களின் கல்விக் கடனைக் கறுப்பினக் கோடீஸ்வரர் ராபர்ட் எஃப். ஸ்மித் ஏற்றுக்கொண்டபோது உலகமே பேசியது, பேசவேண்டிய செயல்தான். எனினும் கோடீஸ்வரர்களை மட்டும் பாராட்டினால், கார்னகிகளை மட்டும் நினைவில் வைத்த அதே வரலாற்றை நிறம் மாற்றி எழுதியவர்கள் ஆவோம். 1787இல் பிலடெல்பியாவில் கறுப்பினப் போதகர்களான ரிச்சர்ட் ஆலனும் அப்சலோம் ஜோன்ஸும் தொடங்கிய சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கம், உறுப்பினர்களின் சிறு சந்தாவைக்கொண்டே நோயாளிகளையும் விதவைகளையும் காத்தது. இன்றும் தேவாலயங்களும் கூட்டாகக் கொடுக்கும் சிறு குழுக்களும் அந்த வழியில்தான் நடக்கின்றன. பெரிய அறநிதியங்களின் பணம் இவர்களை மிகக் குறைவாகவே வந்தடைகிறது. வந்தாலும், இன்ன திட்டத்துக்கு மட்டும், ஓராண்டுக்கு மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு வருகிறது. ஆதரிக்க விரும்புவோர், அலுவலக வாடகைக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் செலவிட அனுமதித்து, சில ஆண்டுகளுக்குத் தொடர்ந்து கொடுப்பதே இந்தக் குழுக்களுக்கு இப்போது மிகவும் தேவைப்படும் உதவி.

அன்புடன்,
ஆசிரியர்